நாவில் ஏறாத பிரெஞ்சு

கற்ற மொழியைக் கண்ணால் படிக்கவும் கையால் எழுதவும் இயன்றும், வாய் திறந்து பேச மாட்டாமல் நிற்போர் நம்மிடையே பலர். நாற்பது அகவைக்குப் பின்னர்ப் பிரெஞ்சு கற்கப் புகுந்த நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. தமிழாசிரியருக்குப் பிரெஞ்சு எதற்கு என நண்பர் சிலர் நகைத்தனர். காரைக்கால் அம்மையாரின் பாடல்களைக் காரவேலனார் பிரெஞ்சில் பெயர்த்தது 1956ஆம் ஆண்டில். பரிபாடலைப் பிரான்சுவா குரோ பெயர்த்து வெளியிட்டது 1968ஆம் ஆண்டில். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு உழைத்த நாளில் இந்நூல்களின் பெயர்களைத் துணைநூற் பட்டியல்களில் கண்டு, கடந்து சென்றோம். நம் நூலைப் பிறர் எவ்வாறு படித்தனர் என்பதை அறியாமலே நாம் அதனைக் கற்பிக்கின்றோமே என்னும் உறுத்தல் பின்னாளில் எழுந்தது. அதுவே காரணம்.

அகராதியும் இலக்கண நூலும் துணையாக மூன்றாண்டுகள் சென்றன. ஒரு பக்கத்தை இருமுறை படித்தால் பொருள் விளங்கும் நிலை வந்தது. பிரெஞ்சு தெரியும் என்று பிறரிடம் கூறிக்கொள்ளவும் தொடங்கினோம். அந்தப் பெருமை ஒரு தொலைபேசி அழைப்பில் உடைந்தது.

காரைக்காலில் எம் தாய்வழி உறவினர் ஒருவர் உள்ளார். பெரிய மாமா என்றே அழைப்போம். எண்பதைக் கடந்தவர். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, 1954 நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியின் கீழ் வந்ததையும், ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததையும் மாணவர் அறிவர். அவ்வேளையில் அங்குப் பிறந்தோர் விரும்பினால் ஆறு திங்களுக்குள் எழுத்து வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி இருந்தது. மாமா அவ்வாறு தேர்ந்தார். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார். இத்தகையோரைச் ‘சொல்தா’ என்று அப்பக்கத்து மக்கள் அழைப்பது பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்த வழக்கே. மாமா பிரெஞ்சை நீர் போலப் பேசுவார், எழுத வராது. இப்போது செவியும் மந்தமாகிவிட்டது.

வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர் தாம் உயிரோடு இருப்பதற்கான சான்றினை ஆண்டுதோறும் அனுப்புதல் வேண்டும். ஓராண்டு அச்சான்று உரியவர் கைக்குச் சென்று சேரவில்லை போலும். இரண்டு மாதம் பணம் நின்றுவிட்டது. பேசத் தெரிந்த மாமாவுக்குத் தொலைபேசியில் காது கேளாது. படிக்கத் தெரிந்த நாம் பேச வேண்டியதாயிற்று.

குளிர்காலத்தில் பிரான்சு நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்தோம். சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, பெயர் வினை பால் எண் எல்லாம் சரிபார்த்து வைத்திருந்தோம். முதல் இரண்டு தொடர்களைப் பிழையின்றிப் படித்தோம். மறுமுனையில் இருந்த அம்மையார் ஏதோ ஒரு வினா வினவினார். அது நம் தாளில் இல்லை! அவர் மீண்டும் வினவினார். நாம் பேசாதிருந்தோம். ‘அலோ, அலோ’ என்று இருமுறை கேட்டபின் இணைப்பு அறுந்தது. அறுத்தது நாம்தாம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றோம்.

மாமா சிரித்தார். “தம்பி, நீ புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டுறே. அந்தம்மா பேசுது. தப்பாப் பேசினா என்ன, அங்கேருந்து அடிக்கவா வரும்?” என்றார்.

மறுநாள் தாளை மடித்து வைத்துவிட்டு, “எமக்குப் பிரெஞ்சு நன்றாக வராது, மெதுவாகப் பேசுங்கள்” என்று தொடங்கினோம். இந்த ஒரு தொடர் எம் மூன்றாண்டு இலக்கணத்தைவிட மிகுதியாகப் பயன்பட்டது. இம்முறை பேசியவர் பொறுமையுடையவர். இருந்தும் கோப்பு எண்ணைச் சொல்லும்போது தடுமாறினோம். பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்பதை ‘நான்கு இருபது பத்து ஏழு’ எனக் கூட்டிச் சொல்வர். ‘காத்ர’ என்று கேட்டதும் 4 என எழுதினோம். ‘வேன்’ என்றதும் அடித்து 80 என எழுதினோம். அதற்குள் அவர் அடுத்த எண்ணுக்குச் சென்றுவிட்டார். நான்கு முறை கேட்டு எழுதினோம். சான்றில் ஒரு கையொப்பம் தெளிவாக இல்லை என்பதே குறை. வேறு சான்று சென்றது, பணமும் வந்தது. மாமா எமக்கு ஒரு சட்டைத்துணி வாங்கித் தந்தார்.

அதன் பின்னர்தான் பேச்சுப் பயிற்சி என்பது எங்கே கிடைக்கும் எனத் தேடலானோம். வகுப்புகளில் கிடைக்கும் என்பர். ஓரளவு உண்மை. ஆயினும் முப்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒருவருக்கு வாய்க்கும் பேச்சு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். தேர்வுகளும் பேச்சைப் பெரிதாக வற்புறுத்துவதில்லை. பிரெஞ்சு அரசு வழங்கும் ‘டெல்ஃப்’ சான்றிதழில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 5 வந்தால் போதும். பேச்சில் ஐந்தே பெற்றுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியவரை நாம் அறிவோம். நம் மேனிலைப் பள்ளிகளிலோ மதிப்பெண் மிகும் என்பதற்காகத் தமிழை விடுத்துப் பிரெஞ்சு எடுப்போர் பலர். அவர்களுள் எம்மிடம் வந்து சேர்ந்த மாணவர் ஒருவரிடம் நலம் விசாரித்தோம், பிரெஞ்சில். அவர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவர். திகைத்து நின்றார். தமிழையும் இழந்து பிரெஞ்சையும் பெறாத அந்நிலைக்கு அவரை மட்டும் குறை கூறுவது முறையன்று.

அரபு மொழியிலும் இதுவே கதை. ஆண்டுக்கணக்கில் இலக்கணம் ஓதியவர் வளைகுடாவில் விமான நிலையத்தில் இறங்கியதும் வாயடைத்துப் போகிறார். எட்டாம் வகுப்போடு நின்று, குவைத்தில் கடைக்கு வேலைக்குச் சென்ற அவருடைய தம்பி ஆறு மாதத்தில் அரபு பேசுகிறார். அவர் பேசும் அரபில் இலக்கணம் இல்லை என்று அண்ணன் குறை சொல்வார். தம்பிக்குச் சரக்கு விற்கிறது.

வயது வந்தோர் மொழி பேசத் தயங்குவதற்கு நினைவாற்றல் குறைவு காரணமன்று. வெட்கமே காரணம் என்பது எம் கருத்து. அதிலும் ஆசிரியர்க்கு இவ்வெட்கம் மிகுதி. வகுப்பறையில் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை இடும் கை, தன் வாயில் பால் பிழை வருவதைப் பொறுப்பதில்லை. குழந்தை பிழையாகப் பேசினால் கொஞ்சுகின்றோம். நாற்பத்தைந்து அகவையுடையவர் பிழையாகப் பேசினால் தாமே தம்மைக் கொஞ்சிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்பதைத் தமிழ் படித்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ‘எனக்குத் தெரியவில்லை’ என்பது ‘தெர்ல’ எனக் குறுகுவதைப் போலவே, ‘ழ ந ஸே பா’ என்னும் பிரெஞ்சுத் தொடர் பேச்சில் ‘ஷே பா’ என ஆகிவிடும். ‘நாம்’ என்பதற்கு நூல் கற்பித்த ‘நூ’ தெருவில் பெரிதும் ஒலிப்பதில்லை. ‘ஓன்’ என்பதே ஒலிக்கும். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டிற்கு ஒத்த ‘தூ’, ‘வூ’ அங்கு உண்டு. ஆங்கிலேயர் இதற்குத் திணறுவர், தமிழர் திணற வேண்டியதில்லை. புணர்ச்சியும் உண்டு. தனித்து நிற்கையில் ஒலிக்காத ‘லே’ என்பதன் ஈற்று ஸகரம், ‘அமி’ என்னும் உயிர்முதற் சொல் வருமொழியாக வந்தால் உயிர்பெற்று ‘லேஸமி’ என்றாகும். ‘அ’, ‘இல்’ என்னும் இரண்டு உயிர்கள் வினாவில் அடுத்து வரும்போது இடையே ஒரு தகரம் தோன்றி ‘அதில்’ என ஒலிக்கும். உடம்படுமெய் கற்பிக்கும் நாம் இதைக் கண்டு மகிழ வேண்டாமா? பாரிசு நகரத்தாரின் ரகரம் பலருக்கு இடர் தரும். மக்தபில் உஸ்தாதின் முன்னமர்ந்து ‘கைன்’ எழுத்தைத் தொண்டையின் வாய்ப்புறப் பகுதியிலிருந்து ஒலிக்கப் பழகியவருக்கு அது ஏறக்குறையத் தெரிந்த ஒலியே. அந்த ஒலி ஏட்டைப் பார்த்து வரவில்லை. உஸ்தாதின் வாயைப் பார்த்து, அவர் செவியில் சேர்ப்பித்து, திருத்தப்பெற்று வந்தது.

இனி, எமக்குக் கைகொடுத்த வழியைச் சொல்லலாம். புதுச்சேரிக்கு ஆய்வின் பொருட்டு வந்திருந்த பிரெஞ்சு நாட்டு இளைஞர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவர் தமிழை நூலில் கற்றவர். ஆட்டோ ஓட்டுநரிடம் “தாங்கள் எவ்வளவு கட்டணம் பெறுவீர்கள்?” என்று வினவ, ஓட்டுநர் அவரைச் சமயச் சொற்பொழிவாளர் என்றே எண்ணிவிட்டார்! எம்மைப் போலவே ஒருவர். அரை மணி தமிழ், அரை மணி பிரெஞ்சு என ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் மாதம் ஒப்பந்தம் உருப்படவில்லை. இருவருக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்ததே கேடு. சொல் கிடைக்காத இடமெல்லாம் ஆங்கிலம் வந்து நின்றது. முடிவில் ஒரு மணி நேரமும் அதுவே பேசிற்று. பின்னர் ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஒரு தேநீர் தண்டம் என வைத்தோம். பேசும்போது இடைமறித்துத் திருத்துவதில்லை. முடிவில் மூன்று பிழைகளை மட்டும் சொல்வது என்பதும் உடன்பாடு. மூன்றுக்கு மேல் சொன்னால் மறுவாரம் வர மனம் வராது. அவர் ஊர் திரும்பும்போது ‘தெர்ல’ என்று சரளமாகச் சொன்னார். எமக்கும் ‘ஷே பா’ தயக்கமின்றி வந்தது.

தனியே செய்யத்தக்கனவும் உண்டு. பிரெஞ்சுப் பன்னாட்டு வானொலி எளிய பிரெஞ்சில் நாள்தோறும் தரும் பத்து நிமிடச் செய்தியைக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லலாம். மொட்டைமாடியில் உலவியபடி அன்று நடந்ததைத் தமக்குத் தாமே பிரெஞ்சில் சொல்லிக்கொள்ளலாம். அண்டை வீட்டார் ஐயுறுவர், அவ்வளவே. ஆயினும் வானொலி திருப்பிக் கேட்பதில்லை. தாளில் இல்லாத வினாவை எழுப்ப ஒரு மனிதர் தேவை.

அம்மனிதரைத் தேடிப் பாரிசுக்குச் செல்ல வேண்டுவதில்லை என்பதை வலியுறுத்தவே இக்கட்டுரை. எம் ஊரிலிருந்து காரைக்கால் ஒன்றரை மணிப் பேருந்துப் பயணம். அங்கும் புதுச்சேரியிலும் மாமாவைப் போன்ற முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். பேரப்பிள்ளைகள் பிரான்சில், இங்கே வீட்டில் பேச்சுத் துணை இல்லை. அவர்கள் நாவில் உள்ள பிரெஞ்சு பேசப்படாமலே அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அதே தெருவில் பிள்ளைகள் பணம் கட்டி வினைத்திரிபு மனப்பாடம் செய்கின்றனர். மணமுடித்துப் பிரான்சு செல்ல இருக்கும் பெண்களோ மொழித் தேர்வை எண்ணி அஞ்சுகின்றனர். அந்நாடு 2024 சனவரியில் இயற்றிய குடியேற்றச் சட்டம், நெடுங்கால வதிவுரிமைக்கு வேண்டிய மொழித்தகுதியை முன்னினும் உயர்த்தியுள்ளது. இவர்கள் இரு சாராரையும் ஒரு திண்ணையில் அமர வைப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.

முதியோரின் பிரெஞ்சு பழைய படைவீட்டுப் பிரெஞ்சு, தேர்வுக்கு உதவாது என்று சொல்வோர் உளர். பழையதுதான். மாமா கூறும் சில சொற்களை எம் பிரெஞ்சு நண்பர் கேட்டு முகம் சிவந்ததும் உண்மை. அவற்றை மாணவருக்குக் கற்பிக்க வேண்டாம் என மாமாவிடம் கேட்டுக்கொண்டுள்ளோம். மற்றவற்றைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். இல்லாத பேச்சை எவர் வந்து திருத்துவது?

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் நாம் காரைக்கால் செல்கின்றோம். உடன்வர விரும்பும் மாணவர் எத்துறையினராயினும் தமிழ்த்துறையில் பெயர் தரலாம். கட்டணம் இல்லை, பேருந்துச் செலவு அவரவருடையது. காலை பத்து மணி முதல் லுஹர் பாங்கு வரை மாமா பேசுவார். நடுவே சாயா உண்டு. அவருக்கு இடது செவி அறவே கேளாது; வலப்பக்கம் அமர வேண்டும்.