திராட்சைத் தோட்டம் இல்லீங்க!

மீசான் பத்திப் பதிவு போடப்போறேன்னு சொன்னதும் மாமா கேட்டார்: "ஏ மாப்ள, இதுல ஒரு மோட்டாராவது ஓடுமா?" கோயமுத்தூர்க்காரர், வேற எப்படிக் கேப்பார்? ஓடாதுங்க மாமா. அவர் மேல எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் அறிவியல் எழுதுறோம்னு பீத்திக்கிற நம்ம மேலதான்.

அமெரிக்காவுல ஜெஃபர்சன் ஆய்வகத்துல எலக்ட்ரான் கற்றையை மெல்லிசான வைரச் சில்லுல அடிச்சு, ஃபோட்டான் கற்றையை உண்டாக்கி, அதைத் திரவ ஹைட்ரஜன்ல பாய்ச்சி, புதுவகை மீசான் தேடுறாங்க. அருமையான வேலை. ஆஹா ஓஹோன்னு எழுதுவோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினா, ஊட்டியில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட கிரேப்ஸ்-3 இருக்கே, அதை எத்தனை பேர் எழுதினோம்? (தொண்டாமுத்தூர் திராட்சைத் தோட்டம்னு நினைச்சுக்காதீங்க.)

அங்க கற்றையை வானமே அனுப்புது. விண்வெளியிலிருந்து வர்ற புரோட்டான் காத்துல இருக்கிற அணுக்கருவுல மோதினா, பையான்ங்கிற மீசான்கள் கொத்துக் கொத்தாப் பிறக்கும். மின்னூட்டம் உள்ள பையான் சிதைஞ்சு மியூவானாகித் தரைக்கு வரும். வந்தது புரோட்டான் இல்லாம காமாக் கதிர், அதாவது ஃபோட்டான்னா, மீசான் கம்மி, மியூவானும் கம்மி. ஆக, மியூவானை எண்ணினா மேல வந்து மோதினது யாருன்னு ஊகிக்கலாம். எதை வச்சு எண்ணுறாங்க தெரியுமா? 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712. மேல கான்கிரீட் பாரம். இரும்பும் கான்கிரீட்டும் நம்மூருக்குப் புரியாத சமாச்சாரமா?

2014 டிசம்பர் 1-ம் தேதி ஒரு இடிமேகம் கடந்தப்ப மியூவான் எண்ணிக்கை குறைஞ்சுது. அதை வச்சே மேகத்துக்குள்ள சுமார் 130 கோடி வோல்ட்னு கணக்குப் போட்டு 2019-ல வெளியிட்டாங்க.

நான் இங்க ஒரு கல்லூரியில பி.எஸ்சி. இயற்பியல் படிச்சவன். 'இண்டஸ்ட்ரியல் விசிட்'னு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டீ ஃபாக்டரி, போட் ஹவுஸ், வர்க்கி பாக்கெட். அவ்ளோதான். காஸ்மிக் கதிர்னு பரீட்சையில பத்து மார்க் கேள்விக்கு எழுதினேன். அதை அளக்கிற இடம் அதே ஊர்லன்னு ஒருத்தரும் சொல்லலை. இன்னிக்கும் பஸ் பஸ்ஸா பசங்க போறாங்க, அதே வர்க்கியோட திரும்பறாங்க.

"உள்ளே விடுவாங்களா?"ன்னு பின்னூட்டம் வரும். மொதல்ல ஒரு லெட்டர் போட்டுக் கேட்டீங்களா சாமி?

டிஸ்கி: 130 கோடி வோல்ட்னு மாமாகிட்ட சொன்னேன். "எந்த ஈபிக்காரன் மீட்டர் பாத்தான்?"ங்கிறார். இப்ப உட்கார்ந்து மியூவானை விளக்கிட்டிருக்கேன்.