டாக்டரா, லாயரா?



எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும், பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைப்பதா, லாயருக்கா என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எழுதுபவர் பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா. பிள்ளையின் விருப்பம் என்னவென்று அதில் ஒரு வரிகூட இருக்காது. எனக்கு வருத்தம் அதில்தான்.

நம் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த இருவரைச் சொல்கிறேன். 1879-இல் பினாங்கில் பிறந்த வூ லியென்-தே கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். 1910 டிசம்பரில், மஞ்சூரியாவை உலுக்கிய பிளேக் நோயைத் தடுக்க ஹார்பினுக்குப் போனார். நோய் மூச்சுக் காற்றில் பரவுகிறது, துணி முகக்கவசம் அணியுங்கள் என்றார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதே நோயில் இறந்தார். உலகப் புகழ் பெற்ற வூ, பிற்காலத்தில் ஈப்போவில் சாதாரண கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்த்தார். எனக்கு ஹார்பினைவிட அந்த ஈப்போ கிளினிக்தான் பெரிதாகத் தெரிகிறது. புகழ் ஓய்ந்த பிறகும் காய்ச்சல்காரரின் நாடியைப் பிடிக்க மனம் வருகிறதே, அந்த மனம் உள்ள பிள்ளை மருத்துவத்துக்குப் போகட்டும்.

மற்றவர் துங்கு அப்துல் ரஹ்மான். 1920-இல் கெடா அரசின் உதவிச் சம்பளத்தில் இங்கிலாந்து போனார். 1925-இல் பட்டம் வாங்கினார், வழக்கறிஞர் தேர்வோ கைகூடவில்லை. ஊர் திரும்பிக் கெடாவில் அரசு அதிகாரியாக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் மறுபடி லண்டன் போய்ப் படித்து, 1949-இல் வழக்கறிஞரானபோது அவருக்கு வயது 46. எட்டு ஆண்டுகளில் நாட்டின் முதல் பிரதமர். பதினேழு வயதில் எல்லாம் முடிவாகிவிட வேண்டும் என்று தவிக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டராகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்த அம்பிகா சீனிவாசனின் தந்தை பேர்பெற்ற சிறுநீரக மருத்துவர்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் ஐந்தாண்டு, பிறகு இரண்டாண்டு ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி, இரவு பகல் பாராத வேலை. 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை அரசு ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. நிரந்தர வேலை உறுதியில்லை. சட்டத்தில் பட்டத்துக்குப் பின் ஒன்பது மாத சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. மலாயில் சரளமாக வாதாடவும் எழுதவும் வர வேண்டும். கட்டுக்கட்டான ஆவணங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பேச்சுத் திறமை மட்டும் போதாது.

விண்ணப்பம் போடுமுன் பிள்ளையை ஒரு காலை லைட் ஸ்ட்ரீட் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். திறந்த நீதிமன்ற விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். இன்னொரு நாள், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் தொண்டு அமைப்பு ஒன்றில் உதவிக்கு அனுப்புங்கள். வீடு திரும்பியதும், அன்று என்னென்ன பார்த்தான், எது பிடித்தது, எது பயமாக இருந்தது என்று பிள்ளையே சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்