ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

அனிதா தேசாய் 1977இல் எழுதிய ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ நாவலில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் ஒரு கடிதம். கசௌலி மலையில், கரிஞானோ என்ற வீட்டில், சமையல்காரர் ராம்லால் தவிர யாருமில்லாமல் இருக்கிறாள் நந்தா கவுல். துணைவேந்தரின் மனைவியாக ஓயாத விருந்தாளிகளுக்கும் பிள்ளை குட்டிகளுக்கும் உழைத்துக் களைத்தவள். இனி ஒருவரும் வர வேண்டாம் என்று இருப்பவளுக்கு மகள் ஆஷா எழுதுகிறாள்: டைபாய்டிலிருந்து தேறிவரும் கொள்ளுப்பேத்தி ராக்கா அங்கே வருகிறாள். கேள்வியே இல்லை, தகவல்தான்.

ஆஷாவைக் கொடியவள் என்று சொல்ல மாட்டேன். அவள் மகளும் ராக்காவின் தாயுமான தாரா, அடிக்கும் கணவனிடம் சிக்கிச் சீரழிந்தவள். ஆண் செய்த கேட்டை மகள், தாய், பாட்டி என்று பெண்களே பங்கு போட்டுச் சுமக்கிறார்கள். அந்தப் பங்கீட்டில் மூத்தவளின் விருப்பம் கணக்கிலேயே வருவதில்லை.

வந்த சிறுமிக்கோ பாட்டி தேவையே இல்லை. பள்ளத்தாக்கில், எரிந்துபோன வீட்டைச் சுற்றி, தன்பாட்டுக்குத் திரிகிறாள். யாரும் வேண்டாம் என்றிருந்த நந்தா இப்போது அவள் கவனத்துக்கு ஏங்குகிறாள். அப்பா திபெத் போனார், காஷ்மீர் வீட்டில் கரடி வளர்த்தோம் என்று கதை கட்டுகிறாள். எந்த உபதேசமும் இல்லாமல் ஒரு முதியவளின் பசியை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பக்கங்கள் இந்திய நாவல்களில் குறைவு.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போராடிய தோழி இலா தாஸ் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்ட செய்தி தொலைபேசியில் வரும்போது நந்தாவின் எல்லாப் பொய்யும் உடைகிறது. கணவரின் மனம் ஆயுள் முழுக்க வேறொரு பெண்ணிடம் இருந்தது. இந்தத் தனிமை நந்தா தேடிக்கொண்டது அல்ல, அவள் தலையில் விழுந்தது. ராக்காவின் தனிமை அப்படியல்ல, அது அவள் சுபாவம். காட்டுக்குத் தீ வைப்பவளும் அவளே. பாட்டியும் பேத்தியும் கட்டிப்பிடித்து அழும் காட்சியைத் தேசாய் எழுதவில்லை. அந்த நேர்மைக்காகவே இதை உயர்ந்த நாவல் என்பேன்.

2022இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’யிலும் எண்பது வயதுத் தாய் ஒருத்தி குடும்பத்துக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். அவளுக்கு எழுந்து போக ஒரு மகள் வீடு இருக்கிறது, பிறகு எல்லை தாண்டவும் துணிவு வருகிறது. நந்தாவுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்புமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். “இந்த வருஷம் முடியாதும்மா” என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.