இல்லத்து இணையப் பெட்டியும் ஆக்கியோர் கடமையும்

இல்லந்தோறும் இணையம் புகுந்துவிட்ட இந்நாளில், சுவரோரத்தே ஒளிப்பொட்டுகள் மின்ன இருக்கும் சிறு பெட்டியை எவரும் பொருட்படுத்துவதில்லை. பாடநூல்கள் அதனை வழிப்படுத்தி என்னும். ரவுட்டர் என்றாற்றான் பலர்க்கும் விளங்கும். அதுவும் ஒரு கணினியே. அதனை இயக்கும் செய்நிரல் அதனுள்ளே பதிந்து கிடக்கின்றது. நிலைப்பொருள் எனப்படும் அச்செய்நிரலிற் பிழையிருப்பின், வீட்டார் அனைவரும் உலகோடு தொடர்பு கொள்ளும் வாயில் பிறன் கைப்பட்டதாகும்.

பிழையற்ற செய்நிரல் எங்கேனும் உண்டோ என வினவுவார் உளர். வினா நியாயமானதே. பிழை நேர்வது பற்றி யான் முறையிடவில்லை; கண்டு திருத்திய பிழையும் பெட்டியிலிருந்து நீங்காதிருப்பதே என் முறைப்பாடு.

2014ஆம் ஆண்டு டிசெம்பரில், செக் பொயின்ற் என்னும் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளர் ஒரு குறையை வெளியிட்டனர். ரவுட்டரின் அமைப்புப் பக்கங்களைக் காட்டுதற்கென அலெக்றோசொஃப்ற் என்னும் கொம்பனி ஆக்கிய றொம்பேஜர் என்னும் செய்நிரலிலே அக்குறை இருந்தது. திரித்தமைத்த குக்கி ஒன்றை அனுப்புவோன், கடவுச்சொல் அறியாமலே பெட்டியைத் தன்வயப்படுத்தலாம். 189 நாடுகளில் 1 கோடி 20 இலட்சம் பெட்டிகளேனும் இக்குறையுடன் இருந்தன என அவர்கள் கணித்தனர். வியப்பு யாதெனின், திருத்திய பதிப்பை அலெக்றோசொஃப்ற் 2005இலேயே வெளியிட்டிருந்தமையாகும்! சில்லு செய்தோர் பழைய பதிப்பையே வழங்கினர்; பெட்டி செய்தோர் அதனையே பதித்தனர்; இணையச் சேவை நடத்துவோர் மொத்தமாக வாங்கி வீடுகளிற் பொருத்தினர். ஒன்பது ஆண்டுகளாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் குறை மாத்திரம் தவறாது சென்றது, திருத்தம் செல்லவில்லை.

இதனால் விளையுங் கேடு கற்பனையன்று. பிறேசில் நாட்டில் 2011ஆம், 2012ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 45 இலட்சம் மொடெம்கள் களவாகக் கைப்பற்றப்பட்டன. தளப் பெயருக்கு உரிய முகவரியை எவரிடம் கேட்டறிவது என்னும் அமைப்பைக் கள்வர் மாற்றிவிட்டனர். ஆகவே, பெயரைப் பிழையறத் தட்டெழுதியவரும் போலித் தளங்களைச் சென்றடைய நேர்ந்தது. கணினியை எத்துணை தூய்மையாக வைத்திருப்பினும் பயனில்லை. நஞ்சு கிணற்றிலன்றோ இருந்தது! ஜேர்மனியில் 2016 நவம்பரில் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர் இணையமும் தொலைபேசியும் இழந்தமை, தொலைவிலிருந்து பெட்டியைப் பராமரித்தற்கென வைத்த வழியூடே தாக்க முயன்றோரால் விளைந்தது.

இத்தகைய வேளைகளில் வீட்டுக்காரனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றான். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்டான் என்பர். மாற்றவேண்டியதே, 2016இற் பரவிய மிராய் என்னும் தீநிரல் அத்தகைய 60 அளவிலான பெயர், கடவுச்சொற் சோடிகளைக் கொண்டே இலட்சக் கணக்கான கருவிகளைப் பிடித்தது. ஆயினும் றொம்பேஜர்க் குறைக்குக் கடவுச்சொல் என் செய்யும்? பூட்டே பழுதாயிருக்கச் சாவியைப் பத்திரப்படுத்தவில்லை என்று வீட்டுக்காரனைக் கடிவது நீதியாகாது.

மருந்துக் குப்பியில் முடிவுத் திகதி இருக்கின்றது. ரவுட்டர்ப் பெட்டியில் ஏன் இருத்தலாகாது? பிரித்தானியாவில் 2024 ஏப்பிரல் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொற்களை விலக்கி, எத்துணைக் காலம் திருத்தங்கள் வழங்கப்படும் என்பதை ஆக்கியோர் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்றது. ஆனால் அக்காலம் இத்துணை என அது வரையறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம் பொதுவாக ஐந்தாண்டுகளைக் குறைந்த எல்லையாக வைத்து, பெரும்பாலான கடமைகளை 2027 டிசெம்பர் முதல் விதிக்கின்றது. ஐந்தாண்டு போதாது என்பது என் துணிபு. பழுதடையும் வரை பெட்டியை மாற்றாத வீடுகளே பல. அத்துடன், திருத்தத்தைத் தேடிப் பதிக்கும் சுமையை வீட்டார்மேல் வையாது, பெட்டி தானே பெற்றுக்கொள்ளுமாறு அமைத்தலும் ஆக்கியோர் கடனேயாம்.

எம் பழைய மாணவருட் பொறியியலாளரும் கொள்வனவுக் குழுக்களில் அமர்வோரும் உளர். விலைமனுக்களை ஒப்புநோக்கும்போது, திருத்தம் எத்திகதிவரை கிடைக்கும் என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுவது அவர்களுக்கு எளிது. விடை தராதவனிடம் மலிவு கருதி வாங்குவது சிக்கனமன்று.

காலங்கடந்த பெட்டியின் நிலை 2024 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிப்பட்டது. ஆக்கியோர் ஆதரவை நிறுத்திவிட்ட நூற்றுக்கணக்கான சிஸ்கோ, நெற்கியர் ரவுட்டர்களை அயல்நாட்டார் தம் வலையமைப்பாக்கியிருந்தனர். நீதிமன்ற ஆணை பெற்று அரசு அத்தீநிரலை அகற்றியது. எனினும், பெட்டியை அணைத்து மீள இயக்கினால் அரசு செய்த தடுப்பு நீங்கிவிடும் என்றும், அத்தகைய பழைய பெட்டிகளை மாற்றிவிடுமாறும் அறிவிக்க வேண்டியதாயிற்று.