பஸ்ஸுக்கு ஒதுக்கிய வழியிற் சைக்கிளுக்கு இடமில்லையா?

தள்ளாடியிலிருந்து மன்னார்ப் பட்டினம் நோக்கிச் செல்லும் தாம்போதியிலே, சோளகக் காற்று வீசுங் காலத்திற் சைக்கிள் மிதித்துச் சென்றவர்களுக்கு நாம் கூறப்போகும் விடயம் புதிதன்று. கடற்காற்று இடப்புறத்திலிருந்து அறைகின்றது. வண்டியை வலப்புறமாக, பஸ்ஸும் லொறியும் விரைந்து வரும் பக்கமாகத் தள்ளுகின்றது. பின்னே வரும் பஸ் ஹோர்ன் அடிக்கின்றது. ஒதுங்கு என்பது அதன் பொருள். எங்கே ஒதுங்குவது என்பதற்கு அவ்வொலியில் விடை இல்லை.

இத் தாம்போதியிற் பஸ்ஸுக்கெனத் தனித்தடம் கிடையாது. ஆயினும் பஸ்ஸுக்குத் தனித்தடம் ஒதுக்கும் முறை இந்நாட்டிற்கு வந்துவிட்டது. 2020 செப்டெம்பரிற் கொழும்பு மாநகரின் முக்கிய வீதிகள் சிலவற்றிற் பொலிசார் அதனை நடைமுறைப்படுத்தினர். மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பஸ்ஸோடு இடக்கோடித் தடத்திலேயே செல்லவேண்டுமெனப் பணிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, பின்னர் விதி மாற்றப்பட்டது. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. வீதியைப் பங்கிட்டு முடிந்தபின் உரிமை கேட்பதினும், பங்கிடுமுன் கேட்பதே அறிவுடைமை.

ஆகவே இப்பொழுதே கேட்கின்றோம்: பஸ்ஸுக்கென ஒதுக்கிய தடத்திலும் திருப்பத்திலும் சைக்கிள் செல்லலாமா? செல்லலாம் என்பதே நமது விடை. அவ்வனுமதி பொலிசாரின் தயவாக இராது, சட்டத்தின் எழுத்தாக இருத்தல் வேண்டும். அனுமதிக்க முடியாத இடமிருப்பின், வேறு வழி கொடுத்த பின்னரே தடை விதிக்கவேண்டும்.

சட்டத்தின் சொல்லை நோக்குமுன் அதன் நோக்கத்தை நோக்கு என்பது சட்டம் பயின்றோர் அறிந்த நெறி. பஸ்ஸுக்குத் தனித்தடம் ஏன்? ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் ஒரு வண்டி, ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் ஐம்பது கார்களுக்குப் பின்னாற் காத்து நிற்பது அநீதி என்பதனாலேயே. குறைந்த இடத்தில் நிறைந்த மக்கள் செல்லவேண்டும்; கார் வாங்க இயலாதவன் காருக்காகக் காத்திருத்தல் ஆகாது. இந்நோக்கம் சைக்கிளுக்குப் பொருந்தாதா? வீதியின் இடத்தை அது விழுங்குவதில்லை, எண்ணெய் குடிப்பதில்லை, புகை கக்குவதில்லை. பஸ்ஸுக்குச் சலுகை வழங்கும் நியாயம் எதுவோ அதுவே சைக்கிளுக்கும் நியாயம்.

உலகம் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலை விதிக்கோவை, பெரும்பாலான பஸ் தடங்களை அறிவிப்புப் பலகை காட்டுகின்றவாறு சைக்கிளோட்டிகள் பயன்படுத்தலாம் என்று கூறுகின்றது. பாரிஸ் நகரிலும் பல பஸ் தடங்கள் சைக்கிளுக்குத் திறந்துள்ளன. பிற வாகனங்கள் திரும்பலாகாத சந்திகளிற் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விலக்களிக்கும் பலகைகளை இலண்டனிற் காணலாம். இவ்விலக்கு அற்பமானதன்று. காரோட்டி அரை மைல் சுற்றிச் செல்வதில் இழப்பது ஒரு நிமிடம். உச்சி வெயிலில், எதிர்காற்றில், பின்னால் நெல்மூட்டை கட்டி மிதிப்பவன் அதே அரை மைலில் இழப்பது தன் உடல் வலுவை.

எதிர்வாதங்களையும் நாம் மறைக்கவில்லை. ஒரு சைக்கிளின் பின்னால் ஐம்பது பயணிகள் ஊர்ந்து செல்வதா என்று கேட்பர். நியாயமான கேள்வி. தடத்தின் அகலமே இதற்கு விடை. ஏறத்தாழ 4 மீற்றரும் அதற்கு மேலும் அகலமுள்ள தடத்திற் பஸ் சைக்கிளை விலகி முந்திச் செல்லலாம். 3 மீற்றர் அளவான தடத்தில் முந்த இயலாது; பின்னே பொறுமையுடன் வரவேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்ட அகலமே கொடியது. முந்தலாம் என்ற ஆசையை அது சாரதிக்கு ஊட்டும். முந்துதற்கு வேண்டிய இடத்தைக் கொடாது. அத்தகைய இடத்திலும், பஸ்கள் பின்னோக்கித் திரும்பும் பஸ் நிலைய வாயிலிலும் சைக்கிளை விலக்குவது தவறன்று. தில்லியில் 2008ஆம் ஆண்டில் வீதி நடுவே பஸ் தடம் அமைத்தபோது சைக்கிளுக்கு ஓரத்திலே தனிப்பாதை வகுத்தனர். அத்தடம் பின்னர் 2016ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஆயினும் ஒன்றை மறுக்கும்போது மற்றொன்றைக் கொடுத்த முறை சரியான முறையே. வேறு வழி கொடாத தடை, ஏழையிடமிருந்து வீதியைப் பறிப்பதேயன்றி வேறன்று.

வீதிச் சட்டம் அற்ப விடயம் என்று எண்ணுவோருக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றோம். 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவை தேசியமயமாயிற்று. அவ்வாண்டிலேயே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது தமிழ் மக்கள் கொதித்தெழுந்தனர். இலக்கத் தகட்டின் ஓரெழுத்தில், இந்த வீதி யாருடையது என்ற கேள்வி அடங்கியிருந்தது. சைக்கிளின் தகடோ உள்ளூராட்சி மன்றம் வரி பெற்றுக் கொடுத்த தகடு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சைக்கிளுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை இன்றும் வைத்திருக்கின்றது. வரி கேட்கும் சட்டம் வழியும் கொடுக்கவேண்டாமா?

சைக்கிள் நமக்குச் செய்த உதவியோ பெரிது. 1990க்குப் பின், எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், விறகையும் நெல்லையும் நோயாளரையும் சுமந்தது அதுவே. 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாகி, அதுவும் கிடையாதுபோனபோது, நாடு முழுவதும் சைக்கிளைத் தேடிற்று. பஞ்சத்தில் தேடிய வண்டியைப் பஞ்சம் நீங்கியதும் ஓரங்கட்டுவது நன்றியாகாது.

இனி மன்னாருக்கு வருவோம். 1930ஆம் ஆண்டில் அமைந்த பழைய பாலம் 1990இற் போரில் அழிந்தது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த புதிய பாலம் 2010ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் வீதி இதுவொன்றே. கச்சேரியும் மாவட்ட வைத்தியசாலையும் தீவிலுள்ளன. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்கள் பெருநிலத்திலுள்ளன. உயிலங்குளத்து விவசாயியும் வங்காலை மாணவியும் பேசாலை மீன் வியாபாரியும் அலுவலகம் செல்லும் எழுதுவினைஞரும் சந்திக்கும் வீதி இது. இங்கே சுற்றிச் செல்ல வேறு தெரு இல்லை. இங்கே வழி மறுப்பது ஊரையே மறுப்பதாகும்.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் விதிகளில், பஸ்ஸுக்கென ஒதுக்கும் தடமும் திருப்பமும் மறுத்துரைக்கப்பட்டாலன்றிச் சைக்கிளுக்கும் உரியன என எழுதப்படவேண்டும். அதனை அறிவிக்கும் பலகைகள் தமிழிலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, தாம்போதியின் இருமருங்கிலும் கோடிட்ட சைக்கிள் ஓரப்பாதை வேண்டும். இடம் போதாதாயின் அகலிக்கவேண்டும். மூன்றாவது, காற்றடிக்கும் காலத்திற் பஸ் சாரதிகள் சைக்கிளிலிருந்து போதிய தூரம் விலகியே முந்தவேண்டுமென்ற விதி கண்டிப்பாக அமுலாக வேண்டும்.

மன்னார் வீதி மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் உள்ளது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. ஆனால் 2025 மே மாதத் தேர்தலில் நாம் தெரிவுசெய்த நகரசபையும் பிரதேச சபைகளும் உள்ளன. அவை தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட அபிவிருத்திக் குழுவின் முன் வைக்கலாம். அதற்குக் காசு வேண்டாம், மனம் வேண்டும்.

நமது மக்களுக்கும் ஒரு சொல். இரவில் விளக்கின்றிச் செல்வதும், மூவர் நால்வராக அணிவகுத்துக் கதைபேசிச் செல்வதும், பஸ்ஸிலிருந்து பயணி இறங்குகையில் இடப்புறமாக நுழைவதும் நம் கோரிக்கையை நாமே கெடுப்பதாகும். உரிமை கேட்பவன் ஒழுங்கைக் காக்கவேண்டும்.

மன்னார்ப் பட்டினத்து வீதியிலே கழுதை குறுக்கே நின்றாற் பஸ் நிற்கின்றது, சாரதி பொறுத்திருக்கின்றார். அது நம் ஊரின் நற்பண்பு. வாயில்லாச் சீவனுக்குக் கிடைக்கும் அந்த இடம், வரி கொடுத்து, வியர்வை சிந்தி, மிதித்து வரும் மனிதனுக்கும் கிடைக்கவேண்டும். அதனைச் சட்டமாக எழுதித் தருக என்பதே நாம் கேட்பது.