நுழைவாயிலில் பணம், கோப்பையில் கலங்கல்

பிரிட்டனின் மிகப் பெரிய பீர் விழா 2026இல் நடக்கப்போவதில்லை. 1977இல் தொடங்கிய 'கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல்' 2024இல் நடக்கவில்லை. விழா நடந்துவந்த லண்டன் ஒலிம்பியா அரங்கில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் அதை பர்மிங்ஹாமுக்குக் கொண்டுபோனார்கள். செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்குக் கூட்டம் வரவில்லை. குளிர்கால விழாவையும் சேர்த்து இரண்டையுமே 2026இல் நடத்தப்போவதில்லை என்று, விழாவை நடத்தும் 'காம்ரா' அமைப்பு அறிவித்துவிட்டது.

இடம் மாறியதால் வந்த நஷ்டம் என்று மட்டும் சொல்லி இந்தக் கணக்கை மூடிவிடக் கூடாது. 1980 ஜூலையில், விழா நடக்க வேண்டிய அலெக்சாண்ட்ரா பேலஸ் தீப்பிடித்து எரிந்தபோது, வெளியே கூடாரம் அடித்து நடத்தினார்கள். கூரை எரிந்த ஆண்டிலும் நிற்காத விழா இப்போது நின்றிருக்கிறது. ரயில் கட்டணம், விலைவாசி, இளைஞர்கள் மது அருந்துவது குறைந்திருப்பது என்று காரணங்கள் பல உண்டு. எதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் யாரும் உரக்கச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. ஊருக்கு ஊர் முளைத்த பீர் விழாக்களில் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள், அடுத்த விழா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. மோசமான விழா நடத்தியவர் கல்லாவை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார். அந்த அவநம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் ஒழுங்காக நடத்துபவர்.

குடியால் குடும்பங்கள் சீரழிவதை அன்றாடம் பார்க்கும் வாசகர்களுக்கு, இதற்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று தோன்றலாம். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பீரைச் சுவைத்துப் பார்க்கும் விழா என்பது குடித்துக் களிக்கும் திருவிழாவுக்கு நேர் எதிரான எண்ணத்தில் பிறந்தது. சிறிய அளவில் வாங்கு, மெதுவாகப் பருகு, எந்த ஊர்க்காரர் எப்படிக் காய்ச்சினார் என்று கேள், பிடிக்காவிட்டால் விட்டுவிடு என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கம் கெட்டால் மிஞ்சுவது வெறும் குடிதான். அதோடு, பெருநிறுவனங்களுக்கு நடுவே பத்துப் பேரை வைத்துத் தொழில் செய்யும் சிறு தயாரிப்பாளர்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

1960களில் பிரிட்டனின் பெரிய பீர் நிறுவனங்கள் சிறு ஆலைகளை வரிசையாக வாங்கி மூடின. வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, வாயுவை ஏற்றி, 'கெக்' என்ற உலோகக் கலனில் அடைத்த பீரை நாடு முழுக்க ஒரே ருசியில் விற்றன. 1971இல் அயர்லாந்தின் கெர்ரி பகுதிக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் இதை எதிர்ப்பதற்காகத் தொடங்கிய இயக்கம்தான் காம்ரா. கட்டுரை எழுதினால் மட்டும் போதாது, நல்ல பீர் எப்படி இருக்கும் என்று மக்களின் நாக்குக்குத் தெரிய வேண்டும் என்பதால் விழாக்கள் வந்தன. 1974இல் கேம்பிரிட்ஜ், 1975இல் லண்டன் கோவென்ட் கார்டன், 1977இல் அலெக்சாண்ட்ரா பேலஸ்.

பலனும் கிடைத்தது. ஏரிகள் நிறைந்த கம்பிரியாவில் கோனிஸ்டன் என்றொரு கிராமம். அங்கே ஒரு விடுதியின் பின்கட்டில் 1995இல் ஒரு சிற்றாலை தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1998இல், அதன் 'புளூபேர்ட் பிட்டர்' பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற பரிசை வென்றது. 3.6 சதவீதம் மட்டுமே ஆல்கஹால் கொண்ட மென்மையான பீர் அது. விளம்பரத்துக்குச் செலவழிக்க வசதியில்லாத ஒருவரை நாடே திரும்பிப் பார்க்க வைக்கும் வலிமை விழாவுக்கு இருந்தது. இன்று கெட்டுக்கொண்டிருப்பது அந்த வலிமை.

எங்கே கெடுகிறது? முதலில் பீப்பாயில்.

பிரிட்டனின் மரபான பீப்பாய் ஏல் உயிருள்ள பொருள். ஆலையை விட்டுக் கிளம்பிய பிறகும் அதற்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒன்பது காலன், அதாவது சுமார் 41 லிட்டர் பிடிக்கும் பீப்பாயை இறக்கி, படுக்கைவாட்டில் ஆடாமல் வைத்து, மேலே ஒரு சிறு மரமுளையை அடித்து மிகுதி வாயுவை வெளியே விட்டு, வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருக்க வேண்டும். பல பீர்களுக்கு ஒரு முழு நாளாவது ஆகும். சிலவற்றுக்கு அதற்கும் மேல். உறை ஊற்றிய பாலை ஆட்டக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே பொறுமைதான் இதற்கும். வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே போனால் வாயு பறந்து பீர் சப்பென்று ஆகிவிடும். திறந்த பீப்பாயை மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். தாண்டினால் புளிக்கத் தொடங்கும்.

ஒரு நல்ல பப்பின் நிலவறையில் இதை ஒருவர் தன் வாழ்நாள் வேலையாகச் செய்கிறார். விழாவிலோ, ஆகஸ்ட் மாத வெயிலில், கண்காட்சிக்கென்று கட்டிய கூடத்தில், நூற்றுக்கணக்கான பீப்பாய்களை ஒரே நேரத்தில் பக்குவப்படுத்த வேண்டும். முடியாத காரியம் அல்ல. பீப்பாய்க்குக் குளிர்ந்த நீர் ஓடும் குழாய் போர்த்தலாம், வெப்பம் புகாத உறை போடலாம், இரண்டு நாள் முன்பே கூடத்தை வாடகைக்கு எடுக்கலாம். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். லாபக் கணக்குப் பார்க்கும் அமைப்பாளர் முதலில் கைவைப்பது இந்த இரண்டு நாளில்தான். காலையில் லாரி வருகிறது, மாலையில் கூட்டம் வருகிறது. வண்டல் அடங்காத, இளஞ்சூடான, நுரை நிற்காத ஒரு திரவம் கோப்பையில் விழுகிறது. வாங்கியவர் முதன்முறையாக ஏல் ருசிப்பவராக இருந்தால், இந்த வகை பீரே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவார். கோப்பையில் இருப்பது தவறாகக் கையாளப்பட்டது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

திறந்தவெளி விழாக்களின் சங்கடம் வேறு. ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள்மீது வெயில் பட்டால், அது சிதைந்து கந்தகம் கலந்த துர்நாற்றம் கிளப்பும். தெளிவான பிளாஸ்டிக் கோப்பையில் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றால் சில நிமிடங்களே போதும். சுத்தம் செய்யாத குழாய் வழியே வரும் பீரில் வெண்ணெய் வாடை அடிக்கும். இவை யாருக்கும் தெரியாத ரகசியங்கள் அல்ல. பீர்த் தொழிலில் கால்வைத்த எவருக்கும் முதல் ஆண்டிலேயே சொல்லித்தரும் பாடங்கள். தெரிந்தும் நிழற்பந்தல் போடாதவரை அலட்சியக்காரர் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது டோக்கன். பணத்தை வாயிலிலேயே வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் வில்லைகளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பீருக்கு ஒரு வில்லை, இன்னொன்றுக்கு மூன்று. ஊற்றும் அளவும் மேசைக்கு மேசை வேறுபட்டால், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்க ஒருவராலும் முடியாது. மிஞ்சிய வில்லைகளைத் திருப்பி வாங்க மறுக்கும் விழாக்கள் ஏராளம். கடைசி அரைமணி நேரத்தில் வில்லையை வீணாக்க மனமில்லாமல், இருப்பதிலேயே கடுமையான பீரை வாங்கி மடக் மடக்கென்று குடிப்பவர்களைப் பார்க்கலாம். குறைவாகக் குடித்துவிட்டுப் போக நினைத்தவரை அதிகம் குடிக்கவைக்கும் ஏற்பாடு இது.

பிரிட்டன் சட்டத்தில் குழாய் பீருக்கு அளவு உண்டு: மூன்றில் ஒரு பைண்ட், அரை பைண்ட், 2011 முதல் மூன்றில் இரண்டு பைண்ட், பிறகு முழு பைண்ட். முழு பைண்ட் 568 மில்லிலிட்டர். காம்ரா தன் விழாக்களில் கோடு போட்ட கோப்பைகளைத் தருகிறது. நுரை கோட்டுக்கு மேலே நிற்கும், பீர் கோடு வரை இருக்கும். நேர்மையாக விற்பதற்கு ஒரு கோடு போதுமாக இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட மனமில்லாத வணிக விழாக்களுக்கு உள்ளூர் நிர்வாகங்கள் உரிமம் கொடுத்துக்கொண்டே இருப்பது நமக்கு விளங்கவில்லை.

நுழைவுக் கட்டணத்தோடு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1982இல் கொலராடோவின் போல்டரில் சார்லி பபாசியன் தொடங்கிய 'கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல்' இந்த முறையில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே ஒரு முறைக்கு ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லிலிட்டர்தான் ஊற்றுவார்கள். காய்ச்சியவரே மேசைக்குப் பின்னால் நின்று பதில் சொல்லும் பகுதியும் உண்டு. அதைப் பார்த்து முளைத்த விழாக்கள் பல அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு 'அளவில்லை' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டன. நான்கு மணி நேரம் என்று நேரம் குறித்து, கட்டிய காசை மீட்டாக வேண்டும் என்ற பதற்றத்தை உண்டாக்கி, 10, 12 சதவீத ஆல்கஹால் கொண்ட 'ஸ்டவுட்' வகை பீரை ஊற்றினால் இரண்டாம் மணி நேரத்தில் யாருக்கும் நாக்கில் ருசி இருக்காது. மூன்றாம் மணி நேரத்தில் பெண்கள் கிளம்பத் தொடங்குகிறார்கள், ஏனென்று கேட்கத் தேவையில்லை. உட்கார இடமில்லை, கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை, கோப்பை அலசத் தண்ணீர் எங்கோ ஒரு மூலையில். கேட்டால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் உரிம நிபந்தனை. கேட்பவர் அதை மைல் தூரம் தேடிப் போக வேண்டியிருந்தால் நிபந்தனை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

பெயர்பெற்ற பீர்கள் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். நுழைவுச்சீட்டை விற்றது அந்தப் பெயர்களைக் காட்டித்தான். வெள்ளி மாலையில் முதல் கூட்டம் குடித்துத் தீர்த்ததற்கு, சனி மாலை வருபவர் அதே கட்டணம் கொடுக்கிறார். பெயர்ப்பலகையில் கோடு கிழித்திருப்பதை அவர் உள்ளே போன பிறகுதான் பார்க்கிறார். விற்கும்போது காட்டிய சரக்கு கொடுக்கும்போது இல்லையென்றால் எந்தக் கடையிலும் பணம் திரும்பக் கிடைக்கும். விழாவில் மட்டும் 'ஸ்டாக் உள்ளவரை' என்ற சிறு எழுத்து எல்லாவற்றையும் மூடிமறைக்கிறது.

அமைப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அரங்க வாடகை, காப்பீடு, மின்சாரம், பாதுகாப்பு எல்லாமே ஏறிவிட்டன. காம்ரா விழாக்களைத் தாங்குபவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அவர்களில் பலருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, பீப்பாய் தூக்கும் தோள்கள் குறைகின்றன. நாள் முழுக்க நின்று ஊற்றிவிட்டு இரவில் தரை துடைக்கும் அந்த மனிதர்கள்மீது நமக்கு மரியாதை மட்டுமே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் செலவு ஏறியதைக் காரணம் காட்டி பீரின் பக்குவத்தில் கைவைத்தால், விழாவுக்கு வருவதற்கு மக்களுக்கு என்ன காரணம் மிச்சமிருக்கிறது? அதே பீர் பக்கத்துக் கடையில் குளிர்ந்த கேனில் கிடைக்கிறது. நுழைவுச்சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

இதில் கையில் அதிகாரம் இருந்தும் அதை உணராதவர்கள் சிறு ஆலைக்காரர்கள். 2018இல் லண்டனின் பீவர்டவுன் நிறுவனம் தன் பங்கில் ஒரு பகுதியைப் பெருநிறுவனமான ஹைனகனுக்கு விற்றபோது, அது நடத்திய விழாவிலிருந்து பல ஆலைகள் விலகின. 2021இல் கோபன்ஹேகனில் மிக்கெலர் நிறுவனத்தின் விழா நெருங்கிய வேளையில், ஊழியர்கள்மீதான பாலியல் தொந்தரவுப் புகார்களை அது கையாண்ட விதத்தைக் கண்டித்து ஆலைகள் அடுத்தடுத்து பின்வாங்கின. பீர் கொண்டுவருபவர்கள் வர மறுத்தால் விழாவே ஆட்டம் காணும் என்பது இரண்டு முறை நிரூபணமாகிவிட்டது. உரிமைக்காகவும் மானத்துக்காகவும் விலகத் தெரிந்தவர்கள், தங்கள் பெயர் எழுதிய பீப்பாயிலிருந்து கலங்கிய பீர் ஊற்றப்படும்போது ஏன் மௌனமாக இருக்கிறார்கள்? பல வணிக விழாக்களில் அவர்கள் பீரை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள். கேட்டால், 'நாலு பேர் கண்ணில் படுமே' என்கிறார்கள். கெட்ட நிலையில் கண்ணில் படுவதைவிடப் படாமல் இருப்பது மேல்.

விழாவுக்குப் பீர் அனுப்பும் ஒவ்வொரு ஆலையும் ஒப்பந்தத்தில் சிலவற்றை எழுதிக் கேட்க வேண்டும். பீப்பாய் எத்தனை மணி நேரம் முன்பு இறக்கப்படும், என்ன வெப்பநிலையில் வைக்கப்படும், பக்குவம் வராத பீப்பாயை விற்பனையிலிருந்து நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பீப்பாய் திறந்த தேதியையும் நேரத்தையும் அதன்மேலேயே எழுதி ஒட்ட வேண்டும், வாங்குபவர் பார்க்கட்டும். மிஞ்சிய டோக்கனுக்குப் பணம் திரும்பத் தராத விழாவுக்கும், கோடு போடாத கோப்பையில் ஊற்றும் விழாவுக்கும் உள்ளூர் நிர்வாகம் உரிமம் மறுக்க வேண்டும். பெயர்பெற்ற பீர்களை ஒவ்வொரு வேளைக்கும் பங்கிட்டு வைக்க வேண்டும். முடியாதென்றால் கடைசி வேளைக்குப் பாதிக் கட்டணம். முன்னூறு பீர் வேண்டாம். பக்குவமாக அறுபது இருந்தால் போதும்.

காம்ராவுக்கு இப்போது கிடைத்திருப்பது ஓர் ஆண்டு இடைவெளி. அரங்கம் எது, ஊர் எது என்ற பேச்சிலேயே அதைக் கரைத்துவிடக் கூடாது. பீப்பாய் எப்படிக் கையாளப்படும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கு எத்தனை பேர் தேவை, அவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளம் தர முடியும் என்று கணக்கிட்ட பிறகே கூடத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். கோடை விழாக்களுக்கான அழைப்புகள் மாதக்கணக்கில் முன்னதாகவே ஆலைகளுக்கு வந்துவிடும். சிறு ஆலைக்காரர்கள் அவற்றில் கையெழுத்திடுவதற்கு முன்பே இந்த நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும்.