பழைய படையும் படையே

புதியது வந்தவுடன் பழையது பயனற்றுப் போகிறது என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அது எப்போதும் உண்மையன்று என்பதற்கு ஒரு விளையாட்டையே சான்றாகக் காட்டலாம்.

மேசைப் போர் விளையாட்டு இங்கிலாந்தில் வேரூன்றிய பொழுதுபோக்கு. ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள பொம்மை வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து நிறுத்துவர். வீரன் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை விதிநூல் கூறும்; அடி பட்டதா, தப்பினானா என்பதைப் பகடை கூறும். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதினார். அதன் தலைப்புப் பக்கத்திலேயே சிறுமியரையும் ஆட்டத்திற்கு அழைத்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சண்டையிட விரும்புவோர் பொம்மைகளோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது!

இவ்வகை விளையாட்டுகளில் இன்று புகழ்பெற்றது 'வார்ஹாமர் 40,000'. கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற ஆங்கில நிறுவனம் 1987-இல் இதன் முதற்பதிப்பை வெளியிட்டது. 2023-இல் பத்தாம் பதிப்பு வந்தது. பதிப்புதோறும் விதிகள் மாறும். புதிய பொம்மைகள் வரும். நேற்று வென்ற படை இன்று வலுவிழந்து அலமாரியில் உறங்கும். ஒவ்வொரு முறையும் நூலும் படையும் புதிதாய் வாங்கப் பணத்திற்கு எங்கே போவது?

ஆகவே சிலர் தமக்குப் பிடித்த பழைய பதிப்பையே ஆடுகின்றனர். பிறர் விற்றுவிட்ட படைகளைக் குறைந்த விலைக்கு வாங்குகின்றனர். உலோகப் பொம்மைகளில் தடித்துப்போன வண்ணத்தை நீக்க, நம் வீட்டிலும் உள்ள டெட்டாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பதுண்டு. (பழைய பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கலாம், கையுறை அணிவதும் கைகழுவுவதும் அவசியம்.) ஒடிந்த கைக்கு வேறொரு பொம்மையின் கையை ஒட்டுவர். இன்னும் சிலரோ முந்தையவர் தீட்டிய வண்ணத்தை அழிப்பதேயில்லை. முகமறியாத ஒருவர் பல மாலைகள் குனிந்திருந்து தீட்டிய கண்ணும் புருவமும் அல்லவா அவை! பிறர் உழைப்புக்கு இதைவிட நல்ல மரியாதை ஏது?

"புதியன வராவிட்டால் கலை வளருமா? அதைச் செய்வோர் பிழைப்பது எப்படி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. புதிய பதிப்பில் பழைய குழப்பங்கள் தீர்வதுண்டு. உடன் ஆட ஆள் கிடைப்பதும் எளிது. புதியதை வாங்குவோரை நாம் குறைகூறவில்லை. பழையது செல்லாது என்ற பேச்சையே மறுக்கிறோம். பாடத்திட்டம் மாறினால் அக்காளின் பாடநூல் தங்கையின் தேர்வுக்கு உதவாது. விளையாட்டுக்குத் தேர்வு ஏது? எதிரெதிரே அமர்ந்த இருவர் உடன்பட்டால் 1987-ஆம் ஆண்டு நூலும் இன்று செல்லும்.

இதற்கு ஒரு சான்றும் உண்டு. அந்நிறுவனம் 1983-இல் தொடங்கிய வார்ஹாமர் என்னும் கற்பனையுலகப் போரை 2015-இல் நிறுத்திவிட்டு, அதனிடத்தில் வேறொரு விளையாட்டைக் கொணர்ந்தது. ஆடியவர்களில் பலரோ நிறுத்தவில்லை. தம் பழைய படைகளையும் நூல்களையும் காத்து வைத்து ஆடிவந்தனர். 2024-இல் அந்நிறுவனமே அவ்வுலகை 'தி ஓல்டு வேர்ல்டு', அதாவது 'பழைய உலகம்', என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. அலமாரியில் உறங்கிய படைகள் மறுபடியும் மேசையேறின.

தோழியரே, நமக்கு எது போதும் என்பதை விற்பவர் தீர்மானிக்க வேண்டுமா, நாமே தீர்மானிக்க வேண்டுமா? போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பர் பெரியோர். கையிலிருப்பது நன்றாயிருந்தால், அது பழையது என்ற ஒரே காரணத்திற்காக அதை வெறுக்க வேண்டாம். தூசு தட்டி எடுப்போம், பழுது பார்ப்போம், இல்லாதவரையும் அழைத்துப் பகிர்ந்து ஆடுவோம்.